ஏழாவது ஸ்பீக்கர்

இதில் ஒரு வரிகூட என் சொந்தச் சரக்கு இல்லை. கற்பனையாக எழுதுவதென்றால் என் அத்தானை இன்னும் கொஞ்சம் அறிவுள்ளவராகப் படைத்திருப்பேன்.

அத்தான் பெயர் மொரிஹிகோ. தகாசாகியில் ஒரு சிமென்ட் கம்பெனியின் துணைப் பிரிவுத் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஒலிமேதை ஆகிவிட்டார். ஊர் மின்சாரம் அழுக்காம். அதனால் தோட்டத்தில் தனக்கென்று சொந்த மின்கம்பம் நட்டார். எங்கள் நாட்டில் இந்தப் பித்துக்கு ஒரு கூட்டமே உண்டு. ஈரமண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்று, பாட்டன் காலத்தில் மூடிய கிணற்றின் நடுவில் செப்புக் கம்பியை இறக்கினார். கிணற்றை மூடுகிறவர்கள், உள்ளே குடியிருக்கும் நீர்த்தெய்வம் மூச்சுவிட ஒரு குழாயை விட்டுவைப்பது எங்கள் வழக்கம். அந்தக் குழாய் அவருக்கு இடைஞ்சலாக இருந்ததாம். அதை அறுத்துவிட்டு, கிணற்றின் வாயை சிமென்ட் பூசி அடைத்தார்.

அது அக்டோபர் 9. அந்த வாரமே என் அக்கா இகுயோவுக்கு மூச்சுத் திணறல் தொடங்கியது. நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார் உள்ளூர் டாக்டர்.

நவம்பர் 20. பெரிய ஆஸ்பத்திரியில் மாலை நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். மூன்று மணிக்குக் காரோடு போய் நின்றேன். அக்கா மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று பேசினாள்.

அத்தான் விடவில்லை.

“பத்து நிமிஷம் மாப்ளே. இன்னிக்குத்தான் கம்ப்யூட்டரை ஹோம் தியேட்டர்ல இணைச்சேன். ஒலின்னா என்னன்னு கேட்டுட்டுப் போ.”

“அக்காவால மூச்சே இழுக்க முடியல அத்தான்.”

“என்னைத் திட்டுறதுக்கு மட்டும் அவளுக்கு மூச்சு இருக்கே.”

“உங்களைத் திட்ட... பாதி நுரையீரல்... போதும்,” என்றாள் அக்கா.

முதலில் தூரம் அளக்க வேண்டுமாம். நாற்காலியில் ஒரு மைக்கை வைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு சத்தம் போடும். அது நாற்காலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதென்று இயந்திரம் கணக்கிடும். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் முகத்தில் கோயில் கருவறைக்குக் காவல் நிற்கிற பெருமிதம்.

மணி 3.12.

ஸ்ஸூப்... ஸ்ஸூப்... எண்ணினேன். ஆறு. அவரிடம் இருந்ததும் ஆறு பெட்டிதான்.

பிறகு ஏழாவது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

இது நீளமாக இருந்தது. யாரோ காற்றை உள்ளே உறிஞ்சுகிற சத்தம்.

கதவைத் திறந்தோம். கம்ப்யூட்டர் திரையில் ஏழு ஸ்பீக்கர்கள். ஏழாவதின் தூரம் அரை மீட்டர். நாற்காலியைச் சுற்றி வெறும் தரைதான் இருந்தது.

“கேபிள் சரியில்ல,” என்று அத்தான் கேபிளைப் பிடுங்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

ஆம்ப்ளிஃபையரை அணைத்தார்.

நிற்கவில்லை...

உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறைகூட வெளியே விடவில்லை.

அக்கா சுவரைப் பிடித்தாள். வாய் திறந்திருந்தது. உதடு நீலம்.

தோட்டத்துக்கு ஓடினேன். எர்த் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன்.

3.19.

அந்த உறிஞ்சல் நின்றது. வீட்டுக்குள் அக்கா மறுபடி மூச்சிழுக்கும் சத்தம் தோட்டம்வரை கேட்டது.

அவளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினேன். அத்தான் பின்னாலேயே வந்தார். மனைவிக்காக அல்ல.

“எர்த் இல்லாம ஆம்ப்ளிஃபையர் போயிடும்டா. யாரு பதில் சொல்றது?”

ஆஸ்பத்திரியில் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அக்கா என் வீட்டிலேயே தங்கினாள். இரண்டு மாடி ஏறினாள். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

நவம்பர் 29. மதியம் 3.15. அத்தானின் போன்.

“கம்பியைத் திரும்ப மாட்டிட்டேன் மாப்ளே. இயந்திரத்துக்குள்ள இருந்த... பழைய பதிவெல்லாம்... கம்ப்யூட்டர்ல தெரியுது. தினம் மூணு பன்னெண்டுக்கு ஒண்ணு. அக்டோபர் ஒன்பதுலேர்ந்து.”

“தினமும் அளந்தீங்களா?”

“நீ வந்த அன்னிக்குத்தான்... முதல் தடவை. அதுவரைக்கும் மைக்... பெட்டியே பிரிக்கல.”

ஏழாவது ஸ்பீக்கரின் தூரங்களை வாசித்தார். முதல் நாள் பதினொன்றரை மீட்டர், சரியாகக் கிணறு இருக்கும் தூரம். பத்து. ஏழு. மூன்று. அக்கா கிளம்பிய அன்று, அரை.

“கம்பியைத் திரும்ப மாட்டின பிறகு?”

“மூணு நாளா... சைபர்.”

அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே போனில் ஒரு நீளமான இழுப்பு கேட்டது. உள்ளே மட்டும்.

“மூச்சை வெளிய விடுங்க அத்தான்.”

“விட்டுக்கிட்டுத்தான்... இருக்கேன் மாப்ளே. இழுக்கிறது... நான் இல்ல.”