ஆயுத பூசையன்று பதினொன்றே கால் மணி

திருத்தங்கல் டீக்கடையில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் காளீஸ்வரன். "நாலு நிமிசம் பிந்திக் கெடக்கு. இதப் பாத்து எவனாவது எதையாவது எழுதி வச்சிட்டா என்ன செய்வீக?" என்கிறார். கடைக்காரர் கண்டுகொள்வதில்லை. சலூன், மருந்துக்கடை, எங்கே நுழைந்தாலும் இவருக்கு முதலில் கடிகாரம்தான். "வந்துட்டார்யா மணிக்காரரு" என்று கேலி பேசுகிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் இங்கே ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் செய்தவர். புஸ்வாணப் பொறிக்கு மஞ்சளோடு எவ்வளவு சிவப்பு சேர்க்கவேண்டும் என்று இவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் செய்வார்கள். இப்போது வேறோர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறார். "அண்ணே, இந்த டிசைனைக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது கூப்பிட்டால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்றே சொல்கிறார். மௌஸைத் தொடமாட்டார்.

நடந்தது இதுதான். சாத்தூர்ப் பக்கம் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட் ஒன்று வெடித்து மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அங்கே கிடந்த பெட்டிகளில் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியின் போலி லேபிள். அந்த லேபிளின் டிசைன் இவர் அப்போது வேலை பார்த்த அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அகப்பட்டது. 'காளி' என்ற பெயரில் உள்ளே போய், ஆயுத பூசையன்று காலை பதினொன்றே கால் மணிக்குச் செய்தது என்று கம்ப்யூட்டர் நிபுணர் ஒருவர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

"பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு. டிசைன்ல ஆறு பேரு. எல்லாரும் என் பேர்லதான் உள்ள போவோம். மொத மொத நான் சேந்ததுனால என் பேரு. அம்புட்டுத்தான்" என்கிறார் காளீஸ்வரன்.

ஆயுத பூசையன்று எந்த அச்சகத்தில் ஐயா கம்ப்யூட்டர் ஓடும்? சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மெயினை இறக்கினால் மறுநாள் காலைதான் ஏற்றுவார்கள். சிவகாசியில் பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்தப் பதினொன்றே காலுக்கு இவர் பொரிகடலை பங்கு வைத்துக்கொண்டிருந்தார். "முப்பது பேருக்கு என் கையாலதான குடுத்தேன். தின்ன வாயில ஒண்ணாவது கோர்ட்டுல தொறந்துச்சா?"

கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்திலும் தேதியையும் மணியையும் காப்பது அதுதான். இவர்கள் அச்சகத்தில் அது செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி தப்பாகிவிடும். யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்கள் குத்துமதிப்பாக ஒரு தேதியை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சீசன் நேரத்தில் பேட்டரி மாற்ற யாருக்கு நேரம்? அப்படி எவரோ எந்த நாளிலோ செய்ததற்குத்தான் பூசை நாளின் தேதி விழுந்தது. கடிகாரம் சரியா என்று பார்த்தீர்களா என்று கோர்ட்டில் நிபுணரிடம் கேட்டதற்கு, "அது என் வேலை இல்லை" என்றார். பிறகு எதுதான் ஐயா உங்கள் வேலை?

மாலையும் சந்தனமுமாக அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரை அன்று முதலாளி செல்போனில் படம் பிடித்திருந்தார். செல்போன் படத்தைச் சாட்சியமாக ஏற்கச் சட்டப்படி வேண்டிய சான்றிதழ் இல்லை என்று கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். தப்பான மணிக்குச் சான்றிதழ் இருந்தது! ஆள் நடமாட்டமில்லாத விடுமுறை நாளாகப் பார்த்துத் திட்டமிட்டுச் செய்திருக்கிறார் என்று தீர்ப்பில் வேறு எழுதினார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இரண்டு வருஷம் ஜெயில். பதினோரு மாதம் உள்ளே இருந்துவிட்டு, அப்பீல் போட்டு ஜாமீனில் வந்திருக்கிறார்.

செத்த மூவரில் ஒருத்தி இவர் தெருக்காரி. அவளுடைய அம்மா கருப்பம்மாள், இவர் மனைவி சொர்ணலட்சுமி தொட்ட குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை. முன்பே பிடித்து வைத்த தன் குடத்தையும் கவிழ்த்துவிட்டு, "எம் மகள எரிச்ச கையி" என்று தெருவே கேட்கக் கத்துகிறாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். கோர்ட் சொன்னதை அவள் நம்புகிறாள்.

போன வாரம் வக்கீல் ஜெயச்சந்திரன் ஆபீசுக்கு நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் நல்லவர்தான், களைத்துப்போனவர். ஒரு காகிதத்தை நீட்டினார்.

"குத்தத்த எதிர்க்கலன்னு கையெழுத்துப் போடுங்க. இருந்த பதினோரு மாசமே போதும்னு கேட்டு முடிச்சிரலாம். வாதாடித் தோத்தா இன்னும் பதிமூணு மாசம் உள்ள. யோசிச்சுக்கோங்க."

"போட்டுருங்க" என்றார் சொர்ணலட்சுமி. "எவ என்ன சொன்னா என்ன? நீங்க வீட்டுல இருந்தாப் போதும்."

வக்கீல் தன் பேனாவைக் கொடுத்தார். காளீஸ்வரன் வாங்கி, மூடியைக் கழற்றி, காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுல போட்டா, நாந்தான் செஞ்சேன்னு கருப்பம்மாக்காட்ட நானே சொன்ன மாதிரில்லா ஆகும்?"

அவர் பேனாவை மூடினார். எழுந்து, மேசைக்கு மேல் குனிந்து, வக்கீலின் சட்டைப் பையில் அதைச் செருகிவிட்டு, கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.