துணி அறுக்கும் கத்தி

என் மனைவி பேசுவது இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. நிறுத்தித் திரும்பினால் சீட்டில் அவள் இல்லை. துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அவள் கழுத்தை வண்டியோடு இறுக்கியிருந்தது. துணிக்கும் கழுத்துக்கும் நடுவே என் விரல் நுழையவில்லை. ஓடிவந்தவர்களில் ஒருவர் சாவியால் அறுத்துப் பார்த்தார். நான் பல்லால் கடித்தேன். நைலான் கலந்த துணி, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"யார்கிட்டயாச்சும் பிளேடு கீதா? எதுனா ஒண்ணு குடுங்கப்பா" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரிடமும் இல்லை. கடைசியில், சற்றுத் தள்ளியிருந்த தையல் கடையிலிருந்து ஒரு பெண் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

உயிர் பிழைத்தாள். ஆனால் குரல்வளை உடைந்திருந்தது. மூச்சுவிட கழுத்தில் துளை போட்டார்கள். அது ஆறிய பிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பள்ளிக்குச் சில வாரம் போனாள். கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரலை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைகளைச் சமாளிக்க முடியவில்லை. அவளே நின்றுகொண்டாள்.

கத்தி இல்லாமல் இனி வெளியே போவதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. டக்-இன் செய்த சட்டை, மெல்லிய துணியில் தைத்த ஃபார்மல் பேன்ட். முதலில் வாங்கிய மடக்குக் கத்தி தடியாக இருந்தது. பேன்ட் ஒரு பக்கம் இறங்கியது, பாக்கெட்டின் உள்துணி கிழிந்தது. "பாக்கெட்ல என்ன சார், பூட்டா?" என்று மேலதிகாரி கேட்டார். அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"சனிக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

தாம்பரம் மார்க்கெட்டில் கத்தி, கத்தரிக்கோல் மட்டும் விற்கிற கடை அது. கடைக்காரர் மடக்குக் கத்திகளை ஒரு துண்டின்மேல் வரிசையாக வைத்தார். மரப்பிடியும் பித்தளை ஓரமுமாக ஒன்று பேனா மாதிரி ஒடிசலாக இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த துப்பட்டா. அதை அவள் வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தன் கையில் சுற்றி இறுக்கினாள்.

"அறுக்கச் சொல்லுங்க."

கடைக்காரருக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். மரப்பிடிக் கத்தி துணிமேல் வழுக்கியது. இரண்டாவது கத்தி பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"இன்னாத்துக்கு சார் துணிய அறுக்கறீங்க? இதெல்லாம் பழம் வெட்ட வாங்கினு போறதாச்சே."

அவள் கழுத்தில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். தழும்பைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே போய், கறுப்புக் கொம்புப் பிடி போட்ட சப்பையான கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் அலகில் பாதிவரை ரம்பம்போலப் பல் இருந்தது. ஒரே இழுப்பில் துப்பட்டா இரண்டானது.

"பாக்கெட்ல போடுங்க" என்றாள். போட்டேன். "நடங்க." கடை வாசல்வரை நடந்தேன். "உட்காருங்க." ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் தொடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெளிய தெரியல. இதையே வாங்கிடலாம்."

வீட்டில் பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, பின்சக்கரத்தில் பழைய துணியைச் சுற்றி, என்னைப் பழக வைத்தாள். ஒரு கையால் கத்தியை எடுத்து விரிக்க வேண்டும். முதல் சில தடவை கத்தியைக் கீழே போட்டேன். "மறுபடியும்" என்றாள். கைநழுவாமல் வரும்வரை விடவில்லை.

இனி பயமில்லாமல் உட்காருவாள் என்று நினைத்தேன். ஒருநாள் மேடவாக்கம் போக வண்டியை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"நான் பஸ்ல வரேன்" என்றாள்.

"கத்திதான் இருக்கே."

"அது உங்களுக்கு. உங்களுக்கு தைரியம் வரட்டும்னுதான் வாங்கினேன்."

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பைக்கை விற்கவும் அவள் விடவில்லை. மாதம் ஒருமுறை தொண்டை டாக்டரைப் பார்க்க அவள் பஸ்ஸில் தாம்பரம் வருவாள், நான் ஆபீஸிலிருந்து நேராக அங்கே போய்விடுவேன். குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சுப்பாதை சுருங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வரச் சொல்கிறார். டோக்கன் கூப்பிடும்வரை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஃபேன் சத்தத்தில் அவள் சொல்வது எனக்கே பாதிதான் கேட்கும். தலையாட்டிக்கொண்டிருப்பேன்.