மூன்று நோவோ செலோ, ஒரு தாய்

காலிலுள்ள புண்ணுக்கு நான் மருந்து வைக்கும்போது ரதோமிர் அதைப் பார்ப்பதில்லை. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் மூன்று சிவப்பு ஊசிகள். மூன்றும் நோவோ செலோ. புது ஊர் என்று பொருள். எங்கள் பக்கத்தில் யார் எங்கே குடியேறினாலும் வைத்த பெயர் அது. ஒன்று செர்பியாவில், ஒன்று பல்கேரியாவில், ஒன்று மாசிடோனியாவில். எல்லைகள் நகர்ந்தன, கொடிகள் மாறின, பெயர் அப்படியே இருந்தது. இன்னும் எத்தனையோ உண்டு. முப்பது வருட விசாரிப்பில் அவருக்கு மிஞ்சியவை இவை.

செர்பியாவின் நீஷ் நகர அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம் தபால் பிரித்தவர். மாவட்டம் எழுதாத உறையைக்கூடக் கையெழுத்தை வைத்தே சரியான நோவோ செலோவின் பையில் போட்டுவிடுவாராம். பெற்ற தாய் ஸ்தாமென்காவை எந்தப் பையில் போடுவதென்றுதான் தெரியவில்லை. போருக்கு அஞ்சி மாட்டுவண்டியில் ஓடியபோது வழியில் இறந்தாள். மகனுக்கு நாலு வயது. "நோவோ செலோவில் புதைத்தோம்" என்பதற்கு மேல் அப்பா பேசவில்லை.

வருடத்துக்கு ஓர் ஊர். இறந்தவர்களுக்கான சனிக்கிழமையன்று, சர்க்கரையும் அக்ரூட்டும் சேர்த்த வேகவைத்த கோதுமையோடு போய், பெயர் அழிந்த ஏதோவொரு கல்லில் ஒரு கரண்டி வைத்துவிட்டு வருவார்.

"அம்மாவைப் புதைச்ச எடத்துல ஆறு வலது பக்கம் ஓடுச்சு, சிஸ்டர்."

"போன வருஷம் இடதுன்னீங்க."

"வண்டியில பின்னாடி பார்த்து உக்காந்திருந்தேனோ என்னவோ."

இந்த வருடம் பயணம் கிடையாது என்றேன். "அவ்வளவு தூரம் காலைத் தொங்கப் போட்டா புண்ணு எலும்புக்கு இறங்கிடும். அப்புறம் காலை எடுக்கணும்."

"ஒரே ஒரு ஊரு, சிஸ்டர்."

"எந்த ஊரு?"

வியாழக்கிழமை முழுதும் ஊசிகளைப் பிடுங்குவதும் குத்துவதுமாக இருந்தார்.

வெள்ளி மதியம் பேருந்து நிலையத்துக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார். மடியில் மூன்று ஜாடிக் கோதுமை. ஒவ்வொன்றிலும் தாயின் பெயர். அந்தந்தப் பக்கம் போகும் ஓட்டுநரிடம் ஒன்றொன்றாகக் கொடுத்தார்.

"எந்தக் கல்லறை, பெரியவரே?" என்றான் மாசிடோனியா வண்டிக்காரன்.

"பேரு அழிஞ்ச கல்லாப் பார்த்து ஒரு கரண்டி வை. மிச்சத்த நீயே தின்னு."

"சக்கரை கம்மியா இருந்தா திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

மூன்று வண்டிகளும் அடுத்தடுத்துக் கிளம்பின. எதைப் பார்ப்பதென்று தெரியாமல் அவர் தலை அங்குமிங்கும் திரும்பியது. கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குளிர்கிறது, போடுங்கள் என்றேன். கடைசி வண்டி மறையும்வரை போடவில்லை.