வெளியே விற்கிறார் என்று எழுதினேன்

இறால் ஏற்றுமதி செய்யும் பழைய கம்பெனி ஒன்றில் எனக்குக் கொள்முதல் வேலை. பதினைந்து வருஷமாகப் பழவேற்காட்டு வியாபாரிகளிடம் மொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யார் வலையில் விழுந்த இறால் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எடையில் கை வைக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். எவரையும் சட்டென்று நம்பி எனக்குப் பழக்கமில்லை.

திடீரென்று தலைமை அலுவலகத்துக்குப் புதுமை ஆசை வந்தது. இனி மீனவர்களிடமே நேரடியாக வாங்குவதாம். போனில் ஒரு ஆப், பத்துப் பேரை வைத்து வெள்ளோட்டம். ஏசி அறையில் போட்ட திட்டம் என் தலையில் வந்து விழுந்தது. ஊற்றிக்கொண்டால் பழி யார்மேல் விழும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகிற ஒன்பது பேரைச் சேர்த்தேன். பத்தாவது ஆள் கோட்டைக்குப்பத்துக்காரர், ஏரியில் இறால் பிடிப்பவர். வாடிக்கையாகக் கொடுத்துவந்த வியாபாரியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார்.

"கம்பெனிய நம்பித்தான் சார் அந்தாள பகைச்சிக்கினேன்" என்றார்.

முதல் இரண்டு நாள் கூடை நிறையக் கொண்டுவந்தார். அப்புறம் ஒரு வாரம் ஆளையே காணோம். கடலுக்குப் போகிறவர்கள் தினமும் கொஞ்சமாவது கொண்டுவந்தார்கள். ஆப்பில் இவர் பெயர் மட்டும் சிவப்பானது. நீக்கலாமா, காரணம் என்ன என்று கேட்டது.

காரணம் எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. அந்த வியாபாரியின் கொட்டகைக்கு எதிரே, டீ குடிக்கிற சாக்கில் இரண்டு காலை உட்கார்ந்து வேவு பார்த்தேன். கோட்டைக்குப்பத்துக்காரர் அங்கே வரவில்லை. வராததும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார் போல என்று நினைத்தேன். 'வெளியே விற்கிறார்' என்று தட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கூடையோடு வந்து நின்றார். இறால் துள்ளிக்கொண்டிருந்தது. ஆப் அவர் பெயரை ஏற்கவில்லை.

"இத்தனை நாளா எங்க போனீங்க?"

"இன்னா சார், என் பாடு இன்னிக்குத்தான வந்துச்சி."

ஏரியில் இறால் விழும் இடங்களில் ஊரார் முறை வைத்து வலை போடுகிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. முறை இல்லாத நாளில் அந்தப் பக்கம் போகக் கூடாது. வேறெங்காவது பொடிமீன் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பதினைந்து வருஷம் அந்தக் கரையில் லாரி ஏற்றிய எனக்கு இது தெரியாது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஊருக்கே தெரிஞ்சதாச்சே சார். நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினேன். காரணம் எழுதியது நீங்கள்தானே என்றார்கள். இப்போது ஏன் அவருக்காக இவ்வளவு பேசுகிறீர்கள், உங்களுக்குள் ஏதாவது ஏற்பாடா என்றும் கேட்டார்கள்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரியின் கொட்டகைக்குப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூடையை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வியாபாரி போனில் பேசிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. இறால் வெயிலில் கிடந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.