பிள்ளையாரை இழுத்த டாங்கி

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன், சிரிப்பார்களே என்று. எங்கள் தெருப் பிள்ளையார் சப்பரத்தை இழுக்க, கன்றுக்குட்டி அளவு ரிமோட் பொம்மை டாங்கியோடு வந்தார் ஒரு மீசைக்காரர். முந்தின வருஷம் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் புகைந்து, சாமி நடுரோட்டில் நின்றுவிட்டதாம். இப்போது வேகம் கூடினது ஒன்று, கரன்ட் அதிகம் தாங்குவது ஒன்று என்று இரண்டு வகை வாங்கி வந்து, எதைப் பொருத்துவது என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க பெரிய தேர் இழுக்கறவர்தானே? எப்போங்க கஷ்டம்?" என்று என்னைக் கேட்டார்.

"நின்ன தேரை அசைக்கிறப்பதாங்க. அசைஞ்சிட்டா லேசு."

"அப்போ வேகம் கம்மியானாலும் கரன்ட் ஜாஸ்தி தாங்குறதுதான்!" என்று குதித்தேவிட்டார்.

டாங்கி குலுங்காமல் புறப்பட்டது. "அரோகரா!" என்று கத்தினோம். தெருமுனையில் அதன் பீரங்கி தானாக எங்கள் ஊர் அண்ணாமலை மலையுச்சியைப் பார்த்து நிமிர்ந்தது.

"நான் எதையும் அமுக்கலைங்க" என்றார், மீசையை விட்டுவிட்டு.

இன்னும் எனக்குப் புரியவில்லை. யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். டாங்கி பறந்ததாக மட்டும் சேர்க்காதீர்கள்.