வேனில் பேபிக்கு ஓர் இடம்

சென்னை பாடியில் கன்னியப்பனின் வேன் என்றால் கம்பெனி ஆட்களிடம் தனி மவுசு. எண்பதுகளில் காணும் பொங்கலன்று பீச்சுக்குப் போய் நெரிசலில் செருப்பைத் தொலைப்பதைவிட, அவனோடு கொக்குமேட்டு ஏரிக்குப் போவதே மேல் என்று குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஏரிக்கு நடுவே மரங்கள். மரம் முழுக்கக் கூடு கட்டிய கொக்குகளும் நாரைகளும்.

ஆனால் பறவை என்ன, நமக்காகவா ஆடிக் காட்டும்? அது பாட்டுக்கு முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். முதல் வருஷமே ஒரு ஃபிட்டர் அலுத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, எல்லாம் சும்மா குந்திகினு கீது? இதைப் பாக்கவா இம்மாந் தூரம் இட்டாந்தே?"

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு வெடி ஒன்று வேனில் கிடந்தது. கரையில் வைத்துக் கொளுத்தினான். அடேயப்பா! மொத்த ஏரியும் எழுந்து தலைக்குமேல் சுற்றியது. சனங்கள் விசிலடித்தார்கள். அன்றிலிருந்து அதுதான் அவன் வேனின் விசேஷம்.

வீட்டுக்கு வந்தால் மனைவி பேபியிடம் அதைச் சொல்லி மாளாது. "வானமே வெள்ளையாப் பூடும், பேபி!"

"என்னை எப்போ இட்டுகினு போவே?"

"சீட்டு எங்க கீது? அடுத்த வருசம் கண்டிப்பா."

பாவி, ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொன்னான். அவளும் நம்பினாள். வேன் முழுக்க எல்லாருக்கும் எலுமிச்சம்பழ சாதம் கட்டுவாள். தீபாவளி வெடியில் மிச்சம் பிடித்து, ஈரம் படாமல் காகிதத்தில் சுற்றி அவன் பையில் வைப்பதும் அவள்தான்.

வனத்துறை வாட்சர் வேதமுத்து கெஞ்சாத கெஞ்சலில்லை. "யப்பா, சத்தத்துக்குத் தாய் பதறி எழும்புது, குஞ்சு தண்ணியில வுழுந்து சாவுது. வேனை ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வந்து பாருங்க. பாக்க வேணாம்னா சொல்றேன்?"

"வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு வெடி, நைனா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான் கன்னியப்பன். ஒரு வெடியாம்! அவனைப் பார்த்து மற்ற வேன்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்களே, அதை யார் சேர்த்துப் பார்ப்பது?

தொண்ணூறுகளில் கூடுகள் குறைந்தன. கூட்டமும் குறைந்தது. ஒரு காணும் பொங்கலுக்கு வேன் பாதி காலி. அப்போதுதான் பேபிக்கு இடம் கிடைத்தது.

மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். குமணன்சாவடி தாண்டுவதற்குள், "இன்னும் எம்மாந் தூரம்?" என்று கேட்டுக் கேட்டு அவனைத் துளைத்துவிட்டாள். பத்துக் கொக்காவது இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

ஏரியில் தண்ணீர் ததும்பியது. மரங்களில் ஒரு கூடுகூட இல்லை. கரையில் நின்றிருந்த வேதமுத்து வேனைப் பார்த்ததும் காலி மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கன்னியப்பனுக்கு.

"இன்னாய்யா, ஒண்ணையும் காணோம்?" என்றாள் பேபி. பிறகு அவளே சமாதானமாகி, "எலைக்குள்ள குந்திகினு இருக்கும். நீதான் சொல்லுவியே, வெடிச்சாத்தான் எழும்பும்னு" என்று பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே அணுகுண்டு.

அவன் அதை வாங்கிக்கொண்டான். வேதமுத்துவைப் பார்த்தான். அவரும் தடுக்கவில்லை. திரியைக் கொளுத்திவிட்டு நகர்ந்தான்.

வெடித்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு காக்கை பறந்தது. பேபி காதைப் பொத்திய கையை எடுக்காமல், வானம் வெள்ளையாகட்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.