மணிக்கூண்டு அண்ணனின் விரல் பயிற்சி

சிலர் ஓடுவதற்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்வார்கள், பிறகு ஓடுவார்கள். நம் ஆள் இருபத்திரண்டு வருடமாகச் சூடு மட்டுமே பண்ணிக்கொண்டிருந்தார். வாத்தியம் பேஸ் கிட்டார். நீளமான கழுத்து, தடித்த கம்பிகள் நாலே நாலு. மிச்சம் ரெண்டு கம்பி எங்கே என்று கேட்காத உறவினர் கிடையாது. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னார். இப்போதெல்லாம் வாங்க வசதியில்லை என்று சொல்லிவிடுகிறார். எல்லோரும் அதை உடனே நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் அவருக்கு வருத்தம்.

காலை ஐந்தரைக்கு எழுவார். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைகளையும் ஐந்து நிமிடம் ஊறப்போடுவார். பிறகு கூடத்து மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கை அளவுள்ள கறுப்புப் பெட்டி ஒன்றைத் தட்டிவிடுவார். அதுதான் மெட்ரோனோம். சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கி 'டக்' என்னும். நிமிடத்துக்கு நாற்பது டக். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே ஒன்றரை வினாடி. அந்த ஒன்றரை வினாடிக்குள்தான் பிசாசு குடியிருக்கிறது என்பது அவர் கட்சி. வேகமாக வாசிக்க எந்தக் கழுதைக்கும் வரும், மெதுவாக வாசித்துக் காட்டட்டும் பார்க்கலாம் என்பார். யாரும் காட்டவில்லை. அவரவருக்கு வேலை இருந்தது.

டக்குக்கு ஒரு ஒலி. ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று நாலு விரலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வரிசையாக இறங்க வேண்டும். ஒரு கம்பி முடிந்தால் அடுத்த கம்பி. அதுவும் முடிந்தால் விரல் வரிசையை மாற்றி மறுபடி முதலிலிருந்து. நாலு விரலை இருபத்துநாலு விதமாக வரிசை மாற்றலாம் என்று கணக்குப் போட்டு, அத்தனையையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். சுண்டுவிரல் சோம்பேறி, மோதிரவிரலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று அவற்றைப் பற்றி வீட்டில் புகார் வேறு சொல்வார். பெற்ற மகளின் பள்ளி அறிக்கையைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த வீட்டில் ஒருநாளும் ஒரு பாட்டு கேட்டதில்லை. வந்தவர்கள் ஏதாவது வாசியுங்களேன் என்று ஆசைப்பட்டால், பதினேழாவது வரிசையை நாற்பதில் வாசித்துக் காட்டுவார். பிரமாதம், என்ன பாட்டு இது என்று கேட்டுவிட்டு அவர்கள் செருப்பைத் தேடுவார்கள். மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். தன் கத்தியும் டக்கோடு சேர்ந்து விழுவதை ஒருநாள் கவனித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து வேண்டுமென்றே இரண்டு டக்குக்கு நடுவில் நறுக்கப் பழகிக்கொண்டார். உள்ளபடி பார்த்தால் அந்த வீட்டில் தாளஞானம் அந்த அம்மாளுக்குத்தான்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கும் வேலை. வில்லை அரை மில்லிமீட்டர் கூடினால் சட்டத்தில் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். அதனால் சுத்தமான கணக்கில் உயிர் வைத்திருக்கிறவர் என்று கடையில் நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இசைக்குழு. கம்பெனி விழா, பிறந்தநாள், புதுக் கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போகும் குழு. டைமில் நான் ஒரு மயிரிழை தவறமாட்டேன் என்று அங்கே இவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் மணிக்கூண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அவருக்கும் வேறு பட்டம் யாரும் தரவில்லை.

குழுவில் டிரம்ஸ் வாசிப்பது மனைவியின் தம்பி. நல்ல கை, ஆனால் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி வாசிப்பான். பாட்டு நிதானமாகத் தொடங்கும், மூன்றாவது வரிக்குள் அவன் ஓட்டம் எடுத்துவிடுவான். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பி வரும் வண்டியில் மச்சானுக்கு மணிக்கூண்டின் பாடம் நடக்கும். பெட்டியை வைத்துப் பழகு, நாற்பதில் ஆரம்பி, என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள். மச்சான் சன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு புது கீபோர்டு வந்து விழுந்தது. வாங்கியவர் குழுத் தலைவர். அதில் இடது கைப் பக்கத்துக் கட்டைகளில் பேஸ் ஒலி வரும். தலைவர் ஒரு வாரம் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, தன் இடது கை இத்தனை வருடம் சும்மா இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். மேடையில் இடம் மிச்சம், வண்டியில் ஓர் இருக்கை மிச்சம். மணிக்கூண்டின் முகத்துக்கு நேரே போகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை, அதனால் பரீட்சை ஒன்று வைத்தார். வருகிற ஞாயிறு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. முதல் பாதியில் பேஸ் கிட்டார் இருக்கும். இரண்டாம் பாதியில் மணிக்கூண்டு மேடையில் நிற்பார், விரலும் ஓடும், ஆனால் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். தலைவரின் இடது கைதான் பேஸ். வித்தியாசம் தெரிந்து யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வந்து கேட்டால் மணிக்கூண்டு குழுவில் இருக்கலாம்.

ஒரு ஆளா, நூறு பேர் வருவார்கள் என்று மணிக்கூண்டு சவாலை ஏற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவரிடம் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் இருந்தது. பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியில், பெட்டியைப் பாட்டின் வேகத்துக்குத் திருப்பி, சத்தத்தை அணைத்து விளக்கை மட்டும் மினுக்கவிட்டுத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். தன் பெருமையைத் தானே கண்ணால் பார்க்கிற ஆசைதான், வேறென்ன. பாட்டின் நடுவில் குனிந்து பார்த்தால் விளக்கு ஒருபக்கம் மினுக்குகிறது, அவர் விரல் இன்னொரு பக்கம் போகிறது. மச்சான் ஓடிக்கொண்டிருந்தான், அவரும் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே கதை. தனியாக உட்கார்ந்தால் மயிரிழை தவறாத விரல்கள், மேடையில் ஏறியதும் மானம் கெட்டு மச்சான் பின்னால் போயின. ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டார். இந்த வியாதியைத் தீர்க்கத்தான் அரைமணி நேரப் பயிற்சி முக்கால் மணியாகி, ஒரு மணியாகி, ஒன்றரை மணியாக வளர்ந்தது. இருபத்துநாலு வரிசையும் அதற்குத்தான். வியாதி மட்டும் இம்மியும் குறையவில்லை.

அந்த வாரம் காலையிலும் மாலையிலும் சூடு பண்ணினார். வெள்ளிக்கிழமை மனைவி வந்து பெட்டியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். டப்பாவுக்குள்ளிருந்தும் டக் கேட்டது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு விழா ஆரம்பித்தது. முதல் பாதி வழக்கம்போலப் போயிற்று. மச்சான் ஓடினான், இவரும் போனார், எப்படியோ எல்லோரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தார்கள், கைத்தட்டல் விழுந்தது. இடைவேளையில் தலைவர் தானே வந்து வயரைப் பிடுங்கினார். மணிக்கூண்டு காலடியில் பெட்டியை வைத்து, விளக்கை மினுக்கவிட்டு நின்றார். பாட்டு தொடங்கியது. மச்சான் ஓடினான். மணிக்கூண்டு ஓடவில்லை. தன் சத்தம் யார் காதிலும் விழாத அந்த மேடையில் முதல் தடவையாக அவர் விரல்கள் விளக்கோடு அச்சுப் பிசகாமல் போயின. வியாதி தீர்ந்தது என்று அவருக்குக் கண் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது பாட்டு முடிந்து கைத்தட்டலும் அடங்கிவிட்டிருந்தது. இவருக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி.

எட்டுப் பாட்டும் அதே லட்சணம்தான். கட்டிப்போட ஆளில்லாத மச்சான் பறந்தான், தலைவரின் இடது கை அவன் பின்னால் மூச்சிரைக்க ஓடியது, பாடகி பாதி வரிகளில் மூச்சு வாங்க முடியாமல் சொற்களை விழுங்கினார். இருந்தும் முந்நூறு பேர் இருந்த கூடத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மணிக்கூண்டு பல்லைக் கடித்தார். ஆனால் கழுதைகளைத்தான் நம்பி வந்திருந்தார்.

கருவிகளை உறையில் போடும்போது ஒரு ஆள் விரைந்து வந்தார். மணிக்கூண்டு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். வந்தவர் சமையலறைப் பொறுப்பாளர். இரண்டாம் பாதி நாற்பத்தைந்து நிமிடம் ஓடும் என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்பதிலேயே முடித்துவிட்டீர்களே, ஜனம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கிறது, சோறு இன்னும் அடுப்பில் இருக்கிறது, போன வருடமெல்லாம் சரியாகத்தானே முடித்தீர்கள் என்று சத்தம் போட்டார். பேஸ் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

ஒரு ஆள் கேட்டுவிட்டார் என்றார் மணிக்கூண்டு. அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார் என்றார் தலைவர். ஆனாலும் தலைவர் முட்டாள் இல்லை, ஆறு நிமிடம் எங்கே போயிற்று என்று யோசித்தார். யோசித்து முடித்து மணிக்கூண்டின் தோளில் கை போட்டார்.

"நீ சொன்னது சரிதான். நீ இல்லேன்னா டைம் நிக்க மாட்டேங்குது. ஆனா நமக்கு வேண்டியது டைம்தானே? அதுக்கு அந்தப் பெட்டி போதுமே. புதன்கிழமை ஒத்திகைக்கு அதைக் கொஞ்சம் கொண்டு வா, உன் மச்சான் காதுல மாட்டிவிட்டுப் பார்ப்போம்."

இருபத்திரண்டு வருடம் அந்தப் பெட்டியாக மாறத்தான் மனிதன் பாடுபட்டார். மாறிவிட்டார் என்று ஊரே ஒப்புக்கொண்டதும், இரண்டு எதற்கு, பெட்டியே போதும் என்றார்கள். இதில் யாரைக் குறை சொல்வது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பெட்டி வீட்டை விட்டுப் போகிறதா என்று ஒரு கணம் முகம் மலர்ந்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடக்கும். புதன்கிழமை மணிக்கூண்டு கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. பெட்டியில் ஹெட்போனை மாட்டி மச்சான் காதில் வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. மூன்றாவது வரியில் மச்சான் ஓடினான், பெட்டி ஓடவில்லை. அவன் தடுக்கி நின்றான், மறுபடி பிடித்தான், மறுபடி ஓடினான், மறுபடி தடுக்கினான். பாடகி பாடுவதை நிறுத்தினார். ஐந்தாவது தடவை மச்சான் ஹெட்போனைப் பிடுங்கித் தரையில் வைத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தலைவர் முணுமுணுத்தார்.

"எனக்கு ஆடத் தெரியாதுதான்," என்றான் மச்சான். "நான் ஓடுவேன், அது எனக்கே தெரியும். நான் ஓடினா இந்தப் பெட்டி அங்கேயே நிக்குது. மாமா அப்படி நிக்க மாட்டாரு. என்கூட ரெண்டடி ஓடி வருவாரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எனக்கே தெரியாம இழுத்துட்டு வந்து விட்டுடுவாரு. கோவிச்சுக்காதீங்க மாமா, நீங்க ஒண்ணும் மணிக்கூண்டு இல்ல."

தலைவர் சுவரோரம் திரும்பினார். "மயிரிழை தவறமாட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே. இவன் சொல்றது உண்மையா?"

எல்லோரும் மணிக்கூண்டைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் வரை சுட்டது. மச்சான் சொந்தக்காரன், எனக்காகப் பரிந்து பேசுகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் மிஞ்சும், பட்டம் மிஞ்சும், பெட்டியை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். கதவும் பக்கத்தில்தான் இருந்தது.

"உண்மைதான்," என்றார். "நான் டைம்ல வாசிச்சதே இல்ல. முதல் நாள்லேர்ந்தே அவன் பின்னாலதான் போறேன். திருத்திக்கலாம்னு தினமும் உட்கார்ந்து பார்த்தேன், முடியல."

சொல்லிவிட்டு வெட்கம் தாங்காமல் தரையைப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. தலைவர் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிட்டாரை எடுத்து வயரை மாட்டச் சொன்னார்.

விரலைச் சூடு பண்ண அன்று நேரம் கிடைக்கவில்லை. பாட்டை மறுபடி தொடங்கினார்கள். மூன்றாவது வரியில் மச்சான் வழக்கம்போல ஓட்டம் எடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கூச்சநாச்சமில்லாமல், அவரும் கூடவே ஓடினார்.